இனிப்பு வேறு, சர்க்கரை வேறு



சொந்த ஊரை விட்டு வந்து வேற்று மாநிலங்களில் குடியேறிய நம்மவர் எதை விட்டாலும் சிலவற்றை விடுவதில்லை. அவற்றுள் ஒன்று காலைக் காப்பி. மற்றொன்று பண்டிகை நாளின் பாயசம். ஊர் மாறும், பேச்சில் அயற்சொற்கள் கலக்கும், பிள்ளைகளின் பள்ளிப் பாடமும் வேறாகும். ஆயினும் காப்பியும் பாயசமும் நம்மோடு இரயிலேறி வந்துவிடுகின்றன. இவ்விரண்டுக்கும் சுவை தருவது சர்க்கரை. அதைத் தொடாதீர்கள் என்று மருத்துவர் கூறிவிட்டால், அவ்வீட்டில் ஒரு சிறு துக்கமே புகுந்துவிடுகிறது. அத்துக்கத்தைத் தணிக்கப் பலவகைப் பொடிகளும் துளிமருந்து போன்ற நீர்மங்களும் கடைகளில் விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றுள் அண்மைக் காலத்தில் பெயர் பெற்று வரும் ஒன்றைப் பற்றி இன்று பேச எண்ணுகிறோம். ‘மாங்க் ஃப்ரூட்’ என்று ஆங்கிலத்தில் வழங்கும் துறவிப் பழத்தின் செறிந்த சாறே அது.

பொருளை விளக்குமுன் எம் இல்லத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும். அது நடந்திராவிட்டால் இப்பேச்சும் எழுந்திராது.

நாம் சிக்கந்தராபாத்தைச் சேர்ந்த லாலாகுடாவில் வசிக்கிறோம். நிஜாம் ஆட்சிக் காலத்தில் அமைந்த இரயில்வே பணிமனையைச் சுற்றி வளர்ந்த பகுதி இது. எம் அன்னையார் எழுபது வயதைக் கடந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் திருச்சிராப்பள்ளி மாவட்டத்து லால்குடியிலிருந்து எம்மோடு தங்க வந்தார். லால்குடி, லாலாகுடா என்னும் இரு பெயர்களிடையே மாறுபடும் எழுத்துகள் இரண்டே. ஆயினும் தமிழ் ஒன்றையே படிக்கத் தெரிந்த முதியவர்க்கு அவ்விரண்டு எழுத்துகளோடு உலகமே மாறிவிடுகிறது. கடைப் பலகை தெலுங்கில் இருக்கும். மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கும். உணவுப் பொட்டலத்தின் மேலுள்ள எழுத்தும் ஆங்கிலமாகவோ இந்தியாகவோ இருக்கும். வீட்டார் படித்துச் சொன்னாலன்றி அவர்க்கு எதுவும் விளங்குவதில்லை.

அன்னையாருக்கு நீண்ட காலமாக நீரிழிவு உண்டு. மாத்திரைகள் போதாமல் இன்சுலின் ஊசியும் போட்டுக்கொள்கிறார். மருத்துவரின் அறிவுரைப்படி வீட்டிலிருந்து சர்க்கரையை அறவே நீக்கிவிடுவது என்று நாங்கள் முடிவு செய்தோம். உறவினர் ஒருவர் துறவிப் பழப் பொடி ஒரு டப்பா வாங்கி வந்தார். பார்வைக்கு அது வெள்ளைச் சர்க்கரையைப் போலவே இருந்தது. அதைச் சர்க்கரை வைத்திருந்த பழைய எவர்சில்வர் டப்பாவிலேயே கொட்டி வைத்தோம். காப்பி இனித்தது. அன்னையாரின் முகமும் மலர்ந்தது. நாம் ஒரு பெரிய காரியத்தைச் சாதித்துவிட்டதாகவே எண்ணினோம்.

சில வாரங்கள் கழிந்தன. ஓர் இரவு அன்னையார் வழக்கம்போல் ஊசி போட்டுக்கொண்டார்; பசியில்லை என்று சொல்லி உணவை மட்டும் பாதியில் நிறுத்திவிட்டார். நள்ளிரவு கடந்த வேளையில் அவர் முனகும் ஒலி கேட்டு எழுந்தோம். உடல் வியர்வையில் நனைந்திருந்தது. கைகள் நடுங்கின. பேச்சுக் குழறியது. இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்பது எம் மனைவியாருக்கு உடனே புலப்பட்டது. ஓடிச் சென்று அந்த டப்பாவிலிருந்து மூன்று கரண்டி எடுத்து நீரில் கலக்கிக் கொடுத்தார். அன்னையாரும் பருகினார். பத்து நிமிடம் காத்திருந்தோம். நடுக்கம் குறையவில்லை, மாறாக மிகுந்தது. விரலில் குத்திச் சோதித்தபோது கருவி 52 என்று காட்டியது. அப்போதுதான் எமக்கு உணர்வு வந்தது. நாங்கள் கொடுத்தது இனிப்பு, சர்க்கரை அன்று. வீட்டில் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் இல்லை.

அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினோம். பணி ஓய்வு பெற்ற இரயில்வே ஊழியரின் குடும்பம் அது. அவ்வீட்டு அம்மையார் நாங்கள் சொல்லி முடிக்குமுன்பே ஒரு கிண்ணம் நிறையச் சர்க்கரையோடு வந்தார். அதைக் கலக்கிக் கொடுத்தபின் கால் மணி நேரத்தில் அன்னையார் தெளிந்தார். மறுநாட் காலையில் அவர் எம்மைப் பார்த்து, “நீங்கள் முதலில் கொடுத்த தண்ணீரும் இனிப்பாகத்தானே இருந்தது, அப்பா? பிறகு ஏன் மயக்கம் தெளியவில்லை?” என்று கேட்டார்.

அந்த வினாவுக்கு விடை கூறவே இப்பேச்சு.

இனிப்பு என்பது நாவின் உணர்ச்சி. நாவிலுள்ள சுவை மொட்டுகளில் இனிப்பை அறியும் நுண்ணிய ஏற்பிகள் உள்ளன. அவற்றில் பொருந்தும் பொருள் எதுவாயினும் மூளைக்கு ‘இனிக்கிறது’ என்னும் செய்தி செல்லும். சர்க்கரை அவற்றில் பொருந்துகிறது. சர்க்கரைக்குச் சற்றும் தொடர்பில்லாத வேறு சில பொருள்களும், இன்னும் இறுக்கமாகப் பொருந்துகின்றன. ஆதலின் அவை சர்க்கரையைவிடப் பன்மடங்கு இனிக்கின்றன. ஆனால் சர்க்கரை நாவோடு நின்றுவிடுவதில்லை. அது குடலில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்னும் இரண்டாகப் பிரிந்து உடலில் சேர்கிறது; கிராம் ஒன்றுக்கு 4 கலோரி வீதம் வலிமை தருகிறது. இரத்தத்தில் குளுக்கோஸ் குறைந்து தவிப்பவர்க்கு வேண்டியது இச்சேர்க்கையே. நாவுக்கு மட்டும் செய்தி சொல்லிவிட்டு உடலைக் கடந்து செல்லும் பொருளால் அவர்க்கு ஒரு பயனும் விளையாது. அன்றிரவு நாங்கள் கண்ட உண்மை இதுவே.

இனி, துறவிப் பழம் யாது என்று காண்போம்.

இது தென் சீனத்தில், குறிப்பாகக் குவாங்சி மாநிலத்து மலைச்சாரல்களில் விளையும் ஒரு கொடியின் பழம். சீனர் இதனை ‘லோ ஹான் குவோ’ என்பர். புத்த சமயத்தில் நிறைநிலை எய்திய துறவியரைக் குறிக்கும் சொல்லின் சீன வடிவமே ‘லோ ஹான்’. ‘குவோ’ என்றால் பழம். ஆதலின் துறவிப் பழம் என்று நாம் தமிழில் சொல்லுவது பொருத்தமே. 1941-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தாவரவியல் அறிஞர் வால்ட்டர் ஸ்விங்கிள் இக்கொடிக்கு அறிவியற் பெயர் சூட்டினார். அப்போது அவர் இதனை நம் பாகற்கொடி அடங்கிய இனத்திலேயே சேர்த்தார். பின்னர் வந்த அறிஞர் அதனைத் தனி இனமாகப் பிரித்தனர். எனினும் பாகல், சுரை, பூசணி, கோவை ஆகியவை அடங்கிய குடும்பத்திலேதான் இது இன்றும் வைத்தெண்ணப்படுகிறது. நீரிழிவுக்காரர் முகம் சுளித்துக்கொண்டு உண்ணும் பாகற்காயும், அவர்கள் ஆவலோடு நாடும் இவ்வினிப்பும் உறவினர் என்பது கேட்போர்க்கு வியப்பாகத் தோன்றலாம்.

பழம் உருண்டையாக, சிறு ஆரஞ்சு அளவில் இருக்கும். பறித்த சில நாட்களிலேயே கெடத் தொடங்கும் இயல்புடையது. ஆகவே சீனர் அதனை உலர்த்தி வைத்துக்கொண்டு, தொண்டைக் கட்டுக்கும் இருமலுக்கும் நீரில் ஊறவைத்துப் பருகி வந்தனர். நம் வீடுகளில் அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்ளும் வழக்கத்தை இது நினைவூட்டுகிறது. இப்பழத்தில் இனிப்புத் தருபவை மொக்ரோசைடு எனப்படும் பொருள்கள். அவற்றுள் தலையாயது ஐந்தாம் மொக்ரோசைடு. செறிந்த சாறு அதன் தூய்மைக்கேற்பச் சர்க்கரையைப்போல் ஏறத்தாழ 150 முதல் 250 மடங்கு வரை இனிக்கும். பழத்தை நசுக்கி வெந்நீரில் சாறெடுத்து, வடிகட்டி, இனிப்புப் பொருளை மட்டும் பற்றிக்கொள்ளும் பிசின் வழியே செலுத்திப் பிரித்து, பின்னர் உலர்த்திப் பொடியாக்குகின்றனர். இவ்வினிப்புப் பொருள் சிறுகுடலில் உட்கொள்ளப்படுவது மிகமிகக் குறைவு. பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கின்றன. எஞ்சியது பெரும்பாலும் மலத்தோடு வெளியேறுகிறது. ஆதலின் இரத்தச் சர்க்கரை இதனால் உயர்வதில்லை.

நம் நாட்டிலும் இக்கொடியைப் பயிரிட முயற்சி நடந்துள்ளது. இமாசலப் பிரதேசத்துப் பாலம்பூரில் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் இமாலய உயிர்வளத் தொழில்நுட்ப நிலையம் உள்ளது. அந்நிலையம் 2018-ஆம் ஆண்டில் முறையான அனுமதியோடு சீனத்திலிருந்து விதைகளைத் தருவித்தது. 2021-ஆம் ஆண்டில் குல்லு மாவட்டத்து ராய்சன் என்னும் ஊரில் வயல்வெளிச் சோதனை தொடங்கியது. ஆண்டின் சராசரி வெப்பம் 16 முதல் 20 டிகிரி வரையுள்ள ஈரமான மலைப்பாங்கு இதற்கு வேண்டும். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. எனவே மகரந்தத்தைக் கையாலேயே சேர்க்கவேண்டியுள்ளது. விதை முளைப்பதும் மெதுவே. இத்தனை உழைப்பும் அடங்கியிருப்பதால்தான் கடையில் இதன் விலை உயர்ந்து நிற்கிறது.

சர்க்கரைக்கு மாற்றுத் தேடும் முயற்சி புதியதன்று. 1879-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடத்தில் ஃபால்பெர்க் என்னும் இரசாயன அறிஞர் சாக்கரினைக் கண்டார். ஆய்வு முடித்து உணவுண்ண அமர்ந்தபோது தம் கை இனித்ததைக் கொண்டே அவர் அதனை அறிந்தார் என்பர். 1965-இல் அஸ்பார்ட்டேம், 1976-இல் சுக்ரலோஸ் ஆகியவை வந்தன. பராகுவே நாட்டுப் பழங்குடியினர் நெடுங்காலமாக அறிந்திருந்த ஒரு செடியின் இலை, சீனித்துளசி என்னும் பெயரில் நம் தோட்டங்களுக்கும் வந்தது. அதன் சாற்றுக்கு 2015-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இசைவளித்தது. இவ்வரிசையில் பின்வந்ததே துறவிப் பழச் சாறு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010-ஆம் ஆண்டில் இதன் பாதுகாப்புப் பற்றிய அறிக்கையை மறுப்பேதும் கூறாமல் ஏற்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அறிஞர் குழுவோ, இச்சாற்றின் நச்சின்மையை முடிவாகச் சொல்லப் போதிய சான்றுகள் இல்லை என்று 2019-இல் கருத்துரைத்தது. கேடு விளைவித்ததாக அக்குழு கூறவில்லை. சான்று போதாது என்றே கூறியது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

இப்போது மிகவும் இன்றியமையாத ஒரு செய்திக்கு வருகிறோம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடை ஏறத்தாழ 5 கிராம். அதே இனிப்பைத் தர, 200 மடங்கு இனிக்கும் சாறு 25 மில்லிகிராம் போதும். அது ஊசி முனையில் நிற்கும் அளவு. அதை எந்த இல்லத்தரசியாலும் கரண்டியால் அளக்க முடியாது. ஆகவே உற்பத்தியாளர் அதனோடு வேறொரு வெண்ணிறப் பொருளைப் பெருமளவு சேர்த்து, சர்க்கரையைப்போல் அள்ளிப் போடும்படி செய்கின்றனர். அதாவது, டப்பாவின் மேல் துறவிப் பழத்தின் படம் இருந்தாலும், உள்ளிருப்பதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வேறு பொருளாகவே இருக்கக்கூடும். எனவே, ‘துறவிப் பழம் நல்லதா?’ என்று மட்டும் கேட்டால் போதாது. ‘அதனோடு சேர்ந்திருப்பது எது?’ என்று கேட்பதே அறிவுடைமை.

பெரும்பாலும் சேர்வது எரித்ரிட்டால் என்னும் பொருள். இது சர்க்கரையில் 70 விழுக்காட்டு இனிப்புடையது. இரத்தச் சர்க்கரையை உயர்த்தாது. நாவில் குளிர்ச்சி தோன்றும். மிகுதியாக உண்டால் வயிறு உப்புசம் காணும். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கைச் சேர்ந்த ஆய்வாளர் 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இரத்தத்தில் எரித்ரிட்டால் மிகுந்திருந்தோர்க்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாகக் காணப்பட்டதாக அறிவித்தனர். இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, எரித்ரிட்டாலே காரணம் என்று நிலைநாட்டவில்லை. நம் உடலும் இப்பொருளைச் சிறிதளவு தானே உண்டாக்குகிறது. ஆயினும் இதய நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நலம். சில பொடிகளில் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் அல்லது டெக்ஸ்ட்ரோஸ் சேர்கிறது. டெக்ஸ்ட்ரோஸ் என்பது குளுக்கோஸுக்கு மற்றொரு பெயர்; மால்ட்டோடெக்ஸ்ட்ரினும் விரைவில் குளுக்கோஸாகிவிடும். நீரிழிவுக்காரர் எதற்கு அஞ்சி ஓடினாரோ அதுவே வேறு பெயரில் டப்பாவுக்குள் அமர்ந்திருப்பதை என்னென்பது!

நாம் மைய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர். ஒரு சொல்லை அடுத்த மொழியில் சொல்வதற்கு முன் அதன் வரம்பை ஆராய்வது எம் தொழில். அப்பழக்கத்தைச் சமையலறையிலும் கைக்கொண்டிருக்க வேண்டும். கொள்ளாமற்போனது எம் குறையே. உணவுப் பொட்டலத்தின் கட்டாயச் செய்திகள் ஆங்கிலத்திலோ, தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும் என்பது இப்போதுள்ள விதி. வேறு மொழியில் கூடுதலாக அச்சிடலாம், கட்டாயமில்லை. ‘சர்க்கரை இல்லாதது’ என்று ஒரு பொருளின்மேல் அச்சிட வேண்டுமானால், அதன் 100 கிராமில் சர்க்கரை அரைக் கிராமுக்கு மேல் இருத்தலாகாது. ‘சர்க்கரை சேர்க்கப்படாதது’ என்பதோ வேறு. அப்பொருளில் இயற்கையாகவே சர்க்கரை மிகுந்திருக்கலாம். பேரீச்சம்பழ உருண்டை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டு தொடர்களும் செவிக்கு ஒன்றுபோல் ஒலிக்கின்றன; நீரிழிவுக்காரர்க்கு அவை ஒன்றல்ல.

ஆங்கிலமும் இந்தியும் அறியாத பெரியவர்கள் என்ன செய்வது என்று கேட்கலாம். எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியும் அல்லவா? சேர்க்கைப் பொருள்களின் பட்டியலில் இனிப்புகளுக்கு உலகப் பொதுவான எண்கள் கொடுக்கப்படுவதுண்டு. 950 என்பது அசிசல்ஃபேம், 951 அஸ்பார்ட்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 சீனித்துளசிச் சாறு, 965 மால்ட்டிட்டால், 968 எரித்ரிட்டால். இவற்றை ஒரு தாளில் தமிழில் எழிதிச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தால், கடையில் வாங்கிய எந்தப் பொட்டலத்தையும் பாட்டியாரே ஒருவாறு படித்துக்கொள்வார். எம் அன்னையார் இப்போது அவ்வாறே செய்கிறார். எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் குழந்தையைப்போல் மகிழ்கிறார்.

இவ்வினிப்புகளால் உண்மையில் பயன் உண்டா? உண்டு, ஆனால் அளவோடுதான். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் 2024-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரண்டாம் வகை நீரிழிவுடைய 179 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினர் 12 வாரம் காப்பி, தேநீரில் சர்க்கரைக்குப் பதிலாகச் சுக்ரலோஸைச் சேர்க்குமாறு செய்தனர். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனையில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. உடல் எடையும் இடுப்பளவும் மட்டும் சிறிது குறைந்தன. அது சுக்ரலோஸைப் பற்றியது. துறவிப் பழத்தைப் பற்றியதன்று. எனினும் அதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. காப்பியில் இடும் ஒரு கரண்டியை மாற்றுவதால் தீங்கில்லை. சிறு நன்மையும் உண்டு. அதனால் நோய் நீங்கிவிடும் என்பது மட்டும் வீணாசை.

உலக நல நிறுவனம் 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில், உடல் எடையைக் குறைப்பதற்காகச் சர்க்கரையல்லாத இனிப்புகளை நம்பவேண்டாம் என்று அறிவுறுத்தியது. நீண்ட கால நோக்கில் அவற்றால் எடை குறைவதாகச் சான்று இல்லை என்பதே காரணம். அவ்வறிவுரை ஏற்கெனவே நீரிழிவு உடையவர்களுக்கு உரியதன்று என்பதையும் அந்நிறுவனமே கூறியுள்ளது. ஆதலின் இவ்வினிப்புகள் நீரிழிவுக்காரர்க்கு ஓர் ஊன்றுகோல் என்று கொள்ளலாம். உடல்நலமுள்ள இளைஞரும் குழந்தைகளும் இவற்றை நாடவேண்டியதில்லை.

எம் வீட்டில் நேர்ந்த மற்றொரு பிழையையும் மறையாமல் சொல்லிவிடுகிறோம். காப்பியில் சர்க்கரை இல்லை என்ற துணிவில் நாங்கள் சோற்றின் அளவைப் பார்க்காமல் விட்டுவிட்டோம். 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து உள்ளது. 50 கிராம் அரிசியைச் சமைத்து உண்டால், எட்டுத் தேக்கரண்டிச் சர்க்கரைக்கு ஈடான மாவுச்சத்து உடலிற் சேர்கிறது. இனிக்கவில்லை என்பதால் அது கணக்கில் வராமற் போகுமா? நாவுக்கு இனிக்காததும் இரத்தத்தில் சர்க்கரையாகும். நாவுக்கு இனிப்பதும் சர்க்கரையாகாமற் போகும். இதையே இப்பேச்சின் சாரமாகக் கொள்ளலாம்.

லாலாகுடாவிலிருந்து தார்நாக்கா தொலைவிலில்லை. அங்கே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உள்ளது. அதுவும் நம்மைப்போல் தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்ததுதான் என்பது பலர்க்குத் தெரியாது. 1918-ஆம் ஆண்டில் நீலகிரியின் குன்னூரில் மக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு பிரிவே அதன் மூலம். 1958-இல் அது ஹைதராபாத்துக்கு வந்தது. 1969-இல் இன்றைய பெயரைப் பெற்றது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதன் இயக்குநராக இருந்து பெரும் பணி ஆற்றினார். அந்நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு வழிகாட்டு நெறிகளில், சேர்க்கும் சர்க்கரையை அன்றாடக் கலோரியில் 5 விழுக்காட்டுக்குள், அதாவது ஏறத்தாழ 25 கிராமுக்குள், அடக்கவேண்டும் என்று கூறுகிறது. அது நாளொன்றுக்கு ஐந்து தேக்கரண்டி. மூன்று வேளைக் காப்பியிலேயே அதைத் தாண்டிவிடுவோர் நம்மில் எத்தனை பேர்!

வெள்ளைச் சர்க்கரைதான் தீது, வெல்லமும் கருப்பட்டியும் தேனும் தீங்கற்றவை என்று கருதுவோர் உளர். அவற்றில் சிறிதளவு தாதுச் சத்துகள் இருப்பது மெய்யே. எனினும் அவற்றின் பெரும்பகுதி சர்க்கரைகளே. நீரிழிவுக்காரர் கணக்கில் அவற்றையும் சேர்க்கவேண்டும். அதிமதுரம் சர்க்கரையைவிடப் பன்மடங்கு இனிக்கும்; ஆனால் நாள்தோறும் மிகுதியாகக் கொண்டால் இரத்த அழுத்தம் உயரும். சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் சிறிது நேரம் நாவில் இனிப்பே தோன்றாது. இதனையும் மருத்துவர் அறியாமல் மருந்தோடு சேர்த்து உண்ணலாகாது.

சமையலைப் பற்றியும் தாய்மார்கள் கேட்பார்கள். துறவிப் பழச் சாறு வெப்பத்தில் கெடுவதில்லை. ஆகவே காப்பி, பால், பாயசம் இவற்றுக்கு ஏற்றது. ஆனால் சர்க்கரை இனிப்பு மட்டும் தருவதன்று, பாகாகி நிற்கிறது, நிறம் தருகிறது, நீரைப் பற்றிக்கொண்டு பண்டம் கெடாமற் காக்கிறது. கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று நாம் பார்ப்பதெல்லாம் சர்க்கரைக்கும் வெல்லத்துக்குமே உரியவை. மைசூர்ப்பாகும் அதிரசமும் இப்பொடியால் அமையா. மேலும், பாயசத்திலுள்ள அரிசியும் பாலும், இனிப்பை மாற்றியதால் மறைந்துவிடுவதில்லை. பண்டிகை நாளில் பெரிய கிண்ணத்துப் பாயசத்தினும், மெய்யான சர்க்கரையிட்ட பாயசம் இரண்டு கரண்டி போதும் என்று மனம் அமைவது சில வேளைகளில் மேலான வழி. அதற்கு மருத்துவரின் இசைவும் அன்றைய உணவுக் கணக்கும் வேண்டும்.

இறுதியாக, இப்பேச்சில் வேறெதை மறந்தாலும் மறக்கக்கூடாத சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ கொள்பவர் உள்ள வீட்டில் மெய்யான சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ எப்போதும் இருக்கவேண்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஆகியவை கண்டால் உடனே சோதிக்கவேண்டும். 70-க்குக் கீழிருந்தால் 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி, நீரில் கலந்து கொடுக்கவேண்டும். சோதிக்கக் கருவி இல்லையேல் காத்திராமல் கொடுத்துவிடலாம். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்து, உயராவிட்டால் மறுமுறை கொடுக்கவேண்டும். தெளிந்தபின் சிறிது உணவு கொடுக்கவேண்டும். அக்கார்போஸ், வோக்ளிபோஸ் என்னும் மாத்திரைகளைக் கொள்பவர்க்குச் சாதாரணச் சர்க்கரை விரைவில் பயன்படாது, குளுக்கோஸே வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

எம் சமையலறை அலமாரியில் இப்போது இரண்டு டப்பாக்கள் உள்ளன. ஒன்று துறவிப் பழப் பொடி, மற்றொன்று சர்க்கரை. இரண்டின் மேலும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம். முதல் டப்பாவில் ‘இனிப்பு – காப்பிக்கு மட்டும்’ என்றும், இரண்டாவதில் ‘சர்க்கரை – மயக்கம் வந்தால்’ என்றும் எழுதியவர் எம் அன்னையாரே. இரண்டாவது டப்பாவில் இருக்கும் சர்க்கரையை நிரப்பியவர் அடுத்த வீட்டு அம்மையார். அன்று கொண்டுவந்த கிண்ணத்தை நாங்கள் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, அதையும் நிரப்பியே திருப்பி அனுப்பிவிட்டார்.

வெளியூரில் வாழும் நம் வீட்டுப் பெரியவர்கள் படிக்க இயலாத எழுத்துகளின் நடுவே நம்மை நம்பி வாழ்கிறார்கள். அவர்கள் உண்ணும் பொருளின்மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துச் சொல்வது நம் கடமை. அக்கடமையை நாம் அனைவரும் இன்றே தொடங்குவோமாக.